விருந்தாளி கட்டிய பில்

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. எவனுக்கு நல்லது நடந்தாலும் ட்ரீட் கொடுத்தாக வேண்டும். பிள்ளை பிறந்தால் ட்ரீட், வண்டி எடுத்தால் ட்ரீட், பெர்மனென்ட் ஆனால் பெரிய ட்ரீட். கொடுக்காமல் நழுவுகிறவனைக் கேன்டீனில் உட்காரவைத்துக் கேலி பேசியே சோறு இறங்காமல் செய்துவிடுவோம். அந்தக் கேலியை முன்னால் நின்று நடத்துகிறவன் நான்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை எனக்கு. வாய் கொஞ்சம் நீளம், கை தாராளம் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் என் மானம் கப்பலேறியது.

இன்னொரு பெயரும் எனக்கு உண்டு. மிஷின் நின்றுபோச்சு என்று எந்த ஆபரேட்டர் ஓடிவந்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். "ஸ்கிரீன்ல இன்னா போட்டுகீது? படிச்சியா?" என்பேன். படித்திருக்க மாட்டான். "கண்ணு எதுக்குடா கீது? படிச்சிட்டு வா" என்று விரட்டிவிடுவேன். மிஷின் தன் கோளாறைத் தானே எழுதிக் காட்டும்போது அதைப் படிக்காமல் பொத்தானைப் பொத்தானை அமுக்குகிறவனைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

புதிதாக வாங்கப்போகிற வெல்டிங் ரோபோவைப் பழகிக்கொண்டு வரச்சொல்லி என்னையும் எலக்ட்ரிகல் ஆள் ஒருவரையும் கம்பெனி தாய்லாந்துக்கு அனுப்பியது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பென்னலூரில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர். என்னை அண்ணாச்சி என்பார். மூன்று வாரம். வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பெட்டியில் பாதி இடத்துக்குக் குக்கர், அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய். கம்பெனி கொடுக்கிற சாப்பாட்டுப் படியை அங்கே தின்று தீர்க்கிறவன் எங்களில் எவனும் கிடையாது. மிச்சம் பிடித்து வந்து ஒரு மோதிரமோ செல்போனோ வாங்கினால்தான் போய்வந்ததற்கு அடையாளம். அதனால் தினமும் டப்பாவில் தயிர்சாதமோ எலுமிச்சை சாதமோதான் எடுத்துப் போனோம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர், அக்கா பிள்ளைகளோடு இருப்பவர். எங்கள் ஆங்கிலமும் ஓட்டை, அவர் ஆங்கிலமும் ஓட்டை. ஆனாலும் மிஷினை நடுவில் வைத்துக்கொண்டால் எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே வந்ததில்லை. மதியம் எங்கள் டப்பாவை ஒரு மாதிரி பார்ப்பார். தன் தட்டிலிருந்து ஒரு பழத்துண்டை எடுத்து என் பக்கம் நகர்த்துவார். உபசாரம் என்று நினைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பயிற்சி நல்லபடியாக முடிந்ததே, சும்மா வரலாமா? ட்ரீட் கொடுத்தே தீருவேன் என்று நின்றேன். எலக்ட்ரிகல்காரர் தலையைச் சொறிந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி? ஒரு பெட்டி ஸ்வீட்டு வாங்கிக் கொடுத்துட்டுப் போவோம்."

"யோவ், ஒரகடத்துக்காரன் கஞ்சப்பயன்னு பேரு வாங்கினு போவணுமா? நீ சும்மா வா. செலவு என்னுது."

அந்த அம்மாவையும் அவரோடு வேலைபார்த்த மூன்று பேரையும் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு மதியம் அழைத்துப் போனோம். மூன்று வாரம் தயிர்சாதம் தின்ற வாய். நானும் ஒரு பிடி பிடித்தேன். "ஈட், ஈட்" என்று எல்லார் தட்டிலும் அள்ளி அள்ளி வைத்தேன். அந்த அம்மா போதும் போதும் என்று கையால் தடுக்கத் தடுக்க, விடாமல் இன்னும் இரண்டு அயிட்டம் வரவழைத்தேன்.

பில் வந்தது. நம் காசில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று மனக்கணக்குப் போட்டேன். கையில் இருந்த அவர்கள் ஊர்க் காசையெல்லாம் முதல்நாளே பொம்மைக்கும் மிட்டாய்க்கும் தொலைத்துவிட்டிருந்தேன். போனால் போகிறது, அதற்குத்தானே கார்டு. பரிமாறியவர் மிஷினைக் கொண்டுவந்து நீட்டினார். ஸ்கிரீனில் இரண்டு வரி. மேலே அவர்கள் ஊர் பாத், கீழே நம் ரூபாய். எதில் கட்டுகிறாய் என்று கேட்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தியா, நம்ம காசு இங்கயும் செல்லுது!" என்று எலக்ட்ரிகல்காரருக்குக் காட்டிவிட்டு ரூபாயை ஒரே அமுக்காக அமுக்கினேன். அந்த இரண்டு வரிக்குக் கீழே பொடி எழுத்தில் வேறு என்னவோ இருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

மிஷின் கூவியது. கார்டு செல்லாது என்றது. இன்னொரு தரம் போடச் சொன்னேன். மறுபடியும் இரண்டு வரி, மறுபடியும் ரூபாய், மறுபடியும் அதே கூவல். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எலக்ட்ரிகல்காரர் தன் கார்டை எடுத்து, வெளிநாட்டுக்குத் திறந்துவிடாத கார்டு என்று நினைவு வந்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடை வைஃபையைப் பிடித்து வாட்ஸ்அப்பில் மனைவியைக் கூப்பிட்டேன். ரோமிங் போட்டால் காசு போகும் என்று என் சிம்மைக் கழற்றி அவள் போனில் போட்டுவிட்டுப் போயிருந்தேன். வங்கி ஆப்பும் அதில்தான். அவள் படப்பையில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். மூன்றாம் தடவை எடுத்தாள். ஒரே மேளச்சத்தம். "கார்டு வேலை செய்லம்மா, இன்னான்னு பாரு, எல்லாரும் பாத்துகினு கீறாங்கோ" என்று கெஞ்சினேன். "இன்னா? கேக்கல. தாலி கட்டுறாங்கோ, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். நான் கெஞ்சியது தமிழ்தான். ஆனால் கெஞ்சுவதற்குப் பாஷை எதற்கு? என் குரலையும் முகத்தையும் அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிமிர்ந்து பார்க்கிறேன், அவர் தன் கார்டைப் பரிமாறியவர் கையில் கொடுத்துவிட்டார். சத்தமே இல்லை. கூப்பிட்டவன் நான், வற்புறுத்தித் திணித்தவன் நான், கூடுதலாக இரண்டு அயிட்டம் சொன்னவனும் நான். காசு கட்டியது விருந்தாளி. "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று என் முதுகைத் தட்டினார். வெளியே வரும்போது எனக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன். வயது கேட்டார். பெண்ணுக்குப் பத்து, பையனுக்கு ஏழு. எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். "ரெண்டு மெசேஜ் வந்துகீது. லிமிட் தாண்டிருச்சாம்." கார்டை எவனாவது திருடினால் பெரிதாக நஷ்டமாகக் கூடாது என்று வெளிநாட்டுச் செலவுக்கு நாளுக்குப் பத்தாயிரம் என அவளேதான் ஆப்பில் வரம்பு வைத்திருந்தாள். "பில்லே ஒம்போது ஆயிரம்தான்டி!" என்று கத்தினேன். "என்கிட்ட இன்னாத்துக்குக் கத்துற? இதுல பத்தாயிரத்துச் சில்லறன்னு போட்டுகீது" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏர்போர்ட்டில் ஒரு சாக்லேட் பொட்டலம் வாங்கப்போனேன். அதே மாதிரி மிஷின், அதே இரண்டு வரி. சூடுபட்ட பூனை ஆயிற்றே, இந்தத் தடவை பொடி எழுத்தையும் படித்தேன். எல்லாம் எழுதியிருந்தது. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் காசை மாற்றிக் கணக்குப்போடுவது என் வங்கி இல்லை, அந்தக் கடையின் மிஷின்தானாம். அதற்கு அவர்கள் வைத்ததுதான் விலை. மேலே இத்தனை சதவீதம் சேர்த்திருக்கிறோம் என்று ஒளிக்காமல் மறைக்காமல் போட்டிருந்தது. மேல்வரியை அமுக்கியிருந்தால் என் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் பத்தாயிரத்துக்குள் அடங்கியிருக்கும். ரூபாய் என்று பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேனே, அதற்கு விழுந்த அடி. ஸ்கிரீனில் என்ன போட்டிருக்கிறது, படித்தாயா? கண் எதற்கு இருக்கிறது? ஒவ்வொரு ஆபரேட்டர் முகமும் கண் முன்னால் வந்து போனது.

எலக்ட்ரிகல்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "லைன்ல சொல்லிடாதய்யா." "சத்தியமா சொல்ல மாட்டேன் அண்ணாச்சி" என்றார். சொல்லவும் இல்லை. அந்த வகையில் தங்கமான மனுஷர்.

ஆறேழு மாதம் கழித்து ரோபோ ஒரகடத்துக்கு வந்தது. அதை ஓட்டிக் காட்ட அந்த அம்மாவும் வந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் தங்கவைத்தார்கள். எனக்கு ஒரே வைராக்கியம். இந்தத் தடவை அவரை ராணி மாதிரி கவனித்து, நான் யாரென்று காட்டிவிட வேண்டும். தினமும் கம்பெனி வண்டி வேண்டாம், என் காரிலேயே அழைத்து வருகிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாளே அவர் முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பெனி காரா என்று கேட்டார். என் கார் என்றேன். புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மதியம் கேன்டீனில் லைன் முழுக்க உட்கார்ந்திருக்க, ஒரு பெரிய பையை என் முன்னால் வைத்தார். உன் குழந்தைகளுக்கு என்றார். பிரித்தேன். அவர் அக்கா பிள்ளைகள் போட்டு, சிறியதாகிப்போன துணிகள். துவைத்து, இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றையும் மெல்லிய காகிதத்தில் சுற்றியிருந்தார். ஒரு பூப்போட்ட கவுன். ஒரு ஸ்கூல் பை, அதன் அறுந்த வாரைப் புதிதாகத் தைத்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரத் தயிர்சாதம், செல்லாத கார்டு, போனில் கெஞ்சல். பாவம், பிள்ளைகளுக்குச் சோறுபோடவே சிரமப்படுகிறவன் எனக்கு விருந்து வைக்கப் பார்த்தானே என்று அவர் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என் முகத்தில் ஈயாடவில்லை. "தேங்க்யூ" என்றேன். வேறென்ன சொல்வது? அவர் எழுந்துபோனதும் ஆரம்பித்தார்கள் பயல்கள். "அண்ணே, தீபாவளிக்கு எங்களுக்கும் துணி வருமா?" "அண்ணே, இன்னா, வூட்ல கஷ்டமா? சொல்லவே இல்ல!" எத்தனை பேரை நான் அந்தக் கேன்டீனில் சாப்பிடவிடாமல் செய்திருப்பேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விளக்கிச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். காரில் போகும்போது, "அன்னிக்கு எங்கிட்ட காசு இருந்தது, மிஷின்தான் தப்பு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, என் கைமேல் ஒரு தட்டு தட்டினார். இல்லாதவன் சொல்கிற சாக்கும் அச்சுஅசல் இதுதானே. சொல்லச் சொல்ல இன்னும் ஏழையாகிக்கொண்டே போனேன்.

மனைவி பையைப் பார்த்ததும் கொதித்துவிட்டாள். "நாம இன்னா பிச்சையா எடுக்குறோம்? ஞாயித்துக்கெழம வூட்டுக்குக் கூட்டினு வா. கண்ணால பாக்கட்டும்." துணிகளைப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

மணிமங்கலத்தில் எங்கள் வீடு இரண்டு மாடி. கீழ்த்தளம் முழுக்க ரூம் ரூமாகத் தடுத்துக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மேலே நாங்கள். அதுதான் எங்கள் வசதியே. ஆனால் அந்த அம்மா கண்ணால் பார்த்தது என்ன? வாசல் நிறையச் செருப்பு, கொடி நிறைய ஜட்டி பனியன், ஒரே குழாயடியில் பக்கெட்டோடு வரிசையாக நிற்கிற ஆட்கள். இத்தனை பேரோடு ஒண்டிக்கொண்டு பிள்ளைகளை வளர்க்கிறான் என்று அவர் மனம் கணக்குப் போட்டதை முகத்திலேயே பார்த்தேன். "மை ஹவுஸ், ஃபுல் மை ஹவுஸ்" என்று கையை அகலமாக விரித்துக் காட்டினேன். குழந்தைக்குத் தலையாட்டுவது மாதிரி ஆட்டினார்.

மட்டன் பிரியாணி, வறுவல், மீன், பாயசம். மனைவி ஒரு படையலே போட்டாள். எங்களைத் தோற்கடிக்கத்தான் என் பெண் உள்ளிருந்து வந்தாள். பீரோ மேலே எப்போது ஏறினாளோ, அந்தப் பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கென்றே தைத்தது போல இருந்தது. அவர் முன்னால் போய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அந்த அம்மா அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு சமையலறைப் பக்கம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். "நல்ல மனசு அதுக்கு. அது இன்னாவோ நெனச்சிகினு போவட்டும். வுட்டுடுய்யா."

விட்டிருக்கலாம். அவள் பேச்சை எப்போது நான் கேட்டேன்?

அவர் ஊருக்குத் திரும்புகிற நாள் காலையில் ஏர்போர்ட்டில் விட நான்தான் போனேன். ஹோட்டலில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். ரூம் வாடகை கம்பெனி பொறுப்பு. துணி வெளுத்ததும் சாப்பிட்டதும் அவர் பொறுப்பு. நான் பாய்ந்துபோய் என் கார்டை நீட்டினேன். அவர் என் கையை மெல்லப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "நோ, நோ. சில்ட்ரன்" என்றார். பிள்ளைகளுக்கு வைத்துக்கொள் என்கிறார். கல்லாவில் நின்ற பையன் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

பையன் மிஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தான். இரண்டு வரி. மேலே ரூபாய், கீழே பாத். அவர் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சி எனக்குத் தெரியாதா? தன் ஊர்க் காசைக் கண்ட மலர்ச்சி. விரல் பாத்தை நோக்கிப் போனது.

"நோ!" என்று கத்திவிட்டேன். பையன் அரண்டு பின்வாங்கினான். அவர் விரல் அந்தரத்தில் நின்றது. "ஸ்கிரீன்" என்றேன். "ரீட். ப்ளீஸ் ரீட்."

படித்தார். மிஷின்களோடு வாழ்கிறவர், அவருக்கு ஒரு தடவை போதும். பொடி எழுத்து வரை விரல் இறங்கியது, மறுபடி மேலே ஏறியது. இரண்டு தொகையையும் ஒத்துப் பார்த்தார். ரூபாயை அமுக்கினார். சீட்டு வெளியே வந்தது.

"தட் டே, மீ, சேம்" என்றேன். "ஐ ப்ரெஸ் ரூபீஸ். ராங். மணி இருந்தது... மணி ஹேவ்."

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் நீட்டியபடியே இருந்த கார்டைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற என் காரைப் பார்த்தார். தயிர்சாதம், வீடு, வாசல் செருப்பு எல்லாவற்றையும் அவர் திரும்ப ஒரு தடவை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. முதலில் காது சிவந்தது, பிறகு முகம் முழுக்கச் சிவந்தது. இரண்டு கையையும் குவித்து, என் முன்னால், எனக்கு, குனிந்தார். "சாரி. ஓல்ட் கிளாத்ஸ். சாரி" என்றார்.

மாதக்கணக்காக நான் எதற்காகத் தவித்தேனோ அது கைக்கு வந்துவிட்டது. என் மானம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. ஐயோ, எனக்கு எதற்கு அது? துவைத்து, இஸ்திரி போட்டு, வார் தைத்துக் கடல் தாண்டித் தூக்கிவந்த மனுஷியை, முன்பின் தெரியாத ஒரு பையன் பார்க்கத் தலைகுனிய வைத்தேனே. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடையில்கூடத் தெரியவில்லை. இங்கேதான் தெரிந்தது.

பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, வழக்கம்போல முன்கதவைத் திறந்துவிட்டு நின்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் பின்கதவைத் தானே திறந்து, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

என் பெண் அந்தக் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், நேற்றுகூட அதைப் போட்டுக்கொண்டேதான் தூங்கினாள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. உண்மையும் அதுதான். ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டிலிருந்து அந்த ஒரு வரியை ஆங்கிலத்தில் கோத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஏர்போர்ட் வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் ஒருவழியாகக் கோத்து முடித்து நிமிர்ந்தேன். அதற்குள் அவர் இறங்கி, பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்.